க்ளோனிஸ் போகாமல் ஓர் அல்ஸ்டர் சாம்பியன்ஷிப்

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வடக்கு அயர்லாந்தில் ஆர்மா பக்கத்தில் எங்கள் ஊர் கிளப்பின் கூடத்தில், டீ பாத்திரம் வைத்திருந்த மேசை ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் கேலிக் கால்பந்தின் அல்ஸ்டர் இறுதி ஆட்டத்துப் பெனால்டி பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. மடியில் உட்காருகிற வயதெல்லாம் தாண்டியவன், அன்றைக்கு அவனாகவே வந்து ஏறிக்கொண்டான். கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருந்திருப்பார்கள், எல்லோர் மேலும் ஆர்மாவின் ஆரஞ்சு நிறம், ஒருவர்கூடப் பேசவில்லை. எதிரணியான டொனகாலின் கோல்கீப்பர் ஷான் பாட்டன் கடைசி உதையைத் தடுத்தார். 6-5. ஆர்மா தோற்றுவிட்டது.

ஆட்டம் நடந்தது க்ளோனிஸில். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நாங்கள் அங்கே போயிருக்க முடியாது, ஏனென்றால் அது அயர்லாந்துக் குடியரசு, வேறு நாடு, எங்கள் கையில் விசா இல்லை. இதை எழுதுவதற்கே அதுதான் காரணம். நர்ஸ் வேலைக்கு வடக்கு அயர்லாந்து வருகிற நம் பிள்ளைகள் இப்போது நிறைய. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், பள்ளியில் அந்தக் குழந்தை முதலில் கேள்விப்படுவது இந்த ஆட்டத்தைத்தான். நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது அவர்களுக்காவது முன்கூட்டியே தெரியட்டும்.

நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் ஊரில் ஹாக்கி மட்டை இல்லாத தெரு கிடையாது. அண்ணன்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள், ஆனால் ஆடுவது ஹாக்கி. அதனால் ஓர் ஊரே ஓர் ஆட்டத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது எனக்குப் புதிதில்லை. 2022 கடைசியில் நான் மட்டும் இங்கே வந்தேன், அடுத்த வருஷம் கணவரும் மகனும் வந்தார்கள். வந்த முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுப் பெரியவர், ஆப்பிள் தோட்டம் வைத்திருந்து ஓய்வுபெற்றவர், வேலி மேலாக ஒரு பந்தை மகனிடம் போட்டார். பார்க்க வாலிபால் மாதிரி இருக்கும், ஆனால் கனமாக, கெட்டியாக இருக்கும். இவனோ கால்பந்து என்று நினைத்துக் காலால் தடுக்க, அவர் சிரித்துக்கொண்டே 'கையால் பிடி' என்றார். அன்றிலிருந்து இவன் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரும் இப்போது தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் 15 பேர். கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்து போல இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போட்டால் கோல், அதற்கு 3 புள்ளி. கம்பிக்கு மேலே, இரண்டு கம்பத்துக்கும் நடுவே போனால் 1 புள்ளி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு அடிக்கு மேல் ஓடக்கூடாது. தரையில் ஒருமுறை தட்டவேண்டும், இல்லாவிட்டால் காலில் போட்டு மறுபடி கைக்கே எடுக்கவேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை தரையில் தட்டினால் தவறு. இந்தக் காலில் போட்டுக் கையில் எடுக்கிற வித்தைக்கு சோலோ என்று பெயர். என் மகன் அதை எங்கள் வீட்டு நடையில் இரண்டு மாதம் பழகினான், ஒரு விளக்கு உடைந்தது.

ஸ்கோர் படிப்பதில்தான் எல்லோரும் குழம்புவோம். 3-11 என்று போட்டிருந்தால் மூன்று கோல், பதினொரு புள்ளி என்று அர்த்தம். மூன்றை மூன்றால் பெருக்கி பதினொன்றைக் கூட்டினால் மொத்தம் 20. ஆக 2-6 எடுத்த அணி 0-13 எடுத்த அணியிடம் தோற்றுவிடும், 12க்கு 13. இது நான் இட்டுக்கட்டிச் சொல்கிற உதாரணம் இல்லை, அந்த வருஷ அரையிறுதியே அப்படித்தான் முடிந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அல்ஸ்டர் என்பது ஒன்பது கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) சேர்ந்த பழைய மாகாணம். ஆர்மா, ஆன்ட்ரிம், டவுன், டெரி, டைரோன், ஃபெர்மானா ஆறும் வடக்கு அயர்லாந்தில், அதாவது பிரிட்டன் ஆட்சியில். டொனகால், காவன், மொனஹன் மூன்றும் அயர்லாந்துக் குடியரசில். 1884இல் தர்லஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் கூடித் தொடங்கியது இந்த ஆட்டத்தை நடத்துகிற கேலிக் விளையாட்டுச் சங்கம், நாடு இரண்டாகப் பிரிவதற்கு ரொம்ப முன்னாலேயே வந்தது. அதனால் அதன் வரைபடத்தில் இன்றைக்கும் ஒன்பதும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஆட்டக்காரருக்கு எல்லை கிடையாது. என்னைப் போல இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு உண்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஆட்டக்காரர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. பள்ளி ஆசிரியர், மின்வேலை செய்பவர், கல்லூரி மாணவர் என்று எல்லோரும் வேலையை முடித்துவிட்டு வந்து பயிற்சி செய்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை முப்பதாயிரம் பேருக்கு முன்னால் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போவார்கள். பிறந்து வளர்ந்த ஊர் கிளப்புக்குத்தான் ஆடுவார்கள், அந்தக் கிளப் எந்தக் கவுண்டியோ அந்தக் கவுண்டிக்கு ஆடுவார்கள். காசு கொடுத்து ஆளை வாங்குகிற பேச்சே இல்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் கோயில் கொடைக்கு நடக்கிற கபடியில் பனியன் மேல் ஊர்ப் பெயர் எழுதியிருக்குமே, அந்த ஊர்ப் பெயருக்காகவே முட்டி தேய ஆடுவார்களே, அது நினைவுக்கு வந்தது. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் மனம் ஒட்டியது அதனால்தான்.

சரி, அந்த சீசன். ஏப்ரல் 14ஆம் தேதி அல்ஸ்டர் காலிறுதி, ஃபெர்மானாவோடு, எனிஸ்கிலன் ஊரில் ப்ரூஸ்டர் பார்க் மைதானத்தில். எனிஸ்கிலன் வடக்கு அயர்லாந்துதான், அதனால் எங்களுக்குத் தடையில்லை. ஆனால் இங்கேதான் முதல் பாடம். ஆர்மாவிலிருந்து எனிஸ்கிலன் போக ஃபோன் மேப்பில் போட்டால், மொனஹன் டவுன் வழியாகப் போகச் சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. அது எல்லை தாண்டிப் போய் மறுபடி உள்ளே வருகிற பாதை. சாலையில் தடுப்பு, காவலர், எதுவும் இருக்காது. வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறும், சாலை ஓரக் கோடு மஞ்சளாகும், அவ்வளவுதான் அடையாளம். நல்லவேளை, தாத்தா கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு ஒரு தாளில் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தார். கேலடன், ஆக்னக்ளாய், ஆகர், க்ளாகர், ஃபைவ்மைல்டவுன், அப்புறம் எனிஸ்கிலன். அந்த வழியில் போனால் எல்லை தாண்டவே மாட்டீர்கள். அந்தத் தாளை நான் இன்னும் காருக்குள்தான் வைத்திருக்கிறேன்.

மைதானத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்குச் சில விஷயம். டிக்கெட்டை வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள், முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். ஸ்டாண்டு என்றால் உட்காரலாம், டெரஸ் என்றால் நின்றுகொண்டே பார்ப்பது. குழந்தையோடு போனால் முதல் தடவை ஸ்டாண்டே எடுங்கள், டெரஸில் முன்னால் நிற்பவரின் முதுகுதான் அவனுக்குத் தெரியும். ஏப்ரல் மாதம் என்று நம்பி மெல்லிய சட்டை போடாதீர்கள். எனிஸ்கிலனில் ஏரிக் காற்று எலும்பில் போய் உட்கார்ந்தது, நான் புடவைக் கடை ஷால் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். குடை கொண்டுபோகாதீர்கள், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். தலையை மூடுகிற மழைக்கோட்டுதான் சரி. ஃபிளாஸ்கில் டீ எடுத்துப் போவது இங்கேயும் வழக்கம். அவர்கள் சாண்ட்விச் பிரித்தார்கள், நான் அம்மா அனுப்பிய கடலைமிட்டாயைப் பிரித்தேன். முன் வரிசை, பின் வரிசை எல்லாம் சுற்றி வந்து பாக்கெட் காலியாகத்தான் திரும்பியது.

என்னை ரொம்ப அசத்தியது வேறொன்று. இரண்டு அணி ரசிகர்களையும் பிரித்து உட்காரவைக்கவில்லை. என் இடது பக்கம் ஃபெர்மானாவின் பச்சைச் சட்டை போட்ட ஒரு குடும்பம், பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை. ஆர்மா கோல் போடும்போது நாங்கள் குதிக்கிறோம், பாட்டி என் மகனைப் பார்த்துத் தலையசைத்துச் சிரிக்கிறார். ஆட்டம் 3-11க்கு 0-9 என்று முடிந்தது, பெரிய வெற்றி. கிளம்பும்போது அந்தப் பாட்டி எங்களிடம், 'நல்லா ஆடிட்டு வாங்க, அடுத்த ஆட்டத்துக்கும் வாழ்த்து' என்கிற மாதிரி சொன்னார். அயர்லாந்தில் வந்து என்னை யாரோ 'ஆர்மாக்காரி' என்று எண்ணிப் பேசியது அன்றைக்குத்தான் முதல் முறை. வேலை செய்கிற இடத்தில் நான் இந்தியாவிலிருந்து வந்த நர்ஸ்தான். அந்தப் படிக்கட்டில், தோற்கடித்த ஊர்க்காரி.

அரையிறுதி ஏப்ரல் 27, டவுன் கவுண்டியோடு, இடம் க்ளோனிஸ். எழுத்தைப் பார்த்து 'குளோன்ஸ்' என்று படிக்காதீர்கள், நான் வார்டில் அப்படிப் படித்து எல்லோரும் திருத்தினார்கள். அங்கேதான் விவகாரம் புரிந்தது. க்ளோனிஸ் மொனஹன் கவுண்டியில் இருக்கிறது, அதாவது குடியரசில்.

பிரிட்டனில் வேலை விசாவில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் அயர்லாந்துக் குடியரசுக்குள் போகத் தனியாக ஐரிஷ் விசா எடுக்கவேண்டும். இதைத் தெரியாமல் வருஷக்கணக்கில் இருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுற்றுலா விசாவில் வருகிற இந்தியர்களுக்குச் சில சமயம் இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஓர் ஏற்பாடு உண்டு. அதைக் கேள்விப்பட்டு, நமக்கும் அப்படித்தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வேலை விசாவுக்கு அது பொருந்தாது. எனக்கு ஆலோசனை சொல்வதற்குக் காசு வாங்கிய ஓர் ஏஜெண்ட், 'எல்லையில் யாரும் பார்ப்பதில்லை, தைரியமாகப் போய்ட்டு வாங்க' என்று ஃபோனிலேயே சொன்னார். தயவுசெய்து அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நிரந்தரச் சோதனைச் சாவடி இல்லை என்பது உண்மைதான், ஆனால் எல்லை தாண்டுகிற பஸ்களில் ஐரிஷ் போலீஸ் ஏறித் தாளைக் கேட்பது நடக்கிறது. வழியில் ஒரு சின்ன விபத்து நடந்தாலும் போதும். ஓர் ஆட்டத்துக்காக, குடும்பமே நம்பி வந்திருக்கிற விசாவில் கறை விழ நான் விடமாட்டேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் விண்ணப்பம் போட்டேன், ரொம்பத் தாமதம். ஆன்லைனில் படிவம் நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட், வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு, எதற்குப் போகிறோம் என்று ஒரு கடிதம், எல்லாம் வைக்கவேண்டும். ஆளுக்கு ஒரு விண்ணப்பம், குழந்தைக்கும் தனி. ஒருமுறை நுழைவுக்கு 60 யூரோ, பலமுறை நுழைவுக்கு 100 யூரோ. முன்னால் அயர்லாந்து போய்வந்த பழக்கம் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் ஒருமுறை நுழைவுதான் தருகிறார்கள். கட்டணமும் விதியும் மாறக்கூடியவை, நீங்கள் போடும்போது அரசாங்கத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டால் திரும்பி வரும்வரை இந்தியாவுக்கு அவசரமாகப் போகமுடியாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

அரையிறுதியை அதனால் ரேடியோவில்தான் கேட்டேன், சமையலறையில் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டே. வர்ணனையாளர் பேசுகிற வேகத்தில் பாதி எனக்குப் புரியவில்லை, மகன்தான் மொழிபெயர்த்தான். டவுன் இரண்டு கோல் போட்டார்கள், ஆர்மா ஒன்றுகூடப் போடவில்லை. ஆனாலும் 0-13க்கு 2-6, ஒரே ஒரு புள்ளியில் ஆர்மா ஜெயித்தது. விசில் அடித்ததும் தெருவில் கார் ஹாரன் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தப் பக்கம் டொனகால் வந்த வழியையும் சொல்லவேண்டும். ஜிம் மெகின்னஸ் என்கிற பயிற்சியாளர் மறுபடி பொறுப்புக்கு வந்த வருஷம் அது, 2012இல் அவர்களுக்கு அகில அயர்லாந்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். டெரிதான் அப்போது இரண்டு வருஷமாக அல்ஸ்டர் சாம்பியன். டெரியின் சொந்த மைதானத்திலேயே போய் டொனகால் 4-11க்கு 0-17 என்று ஜெயித்தது. டெரி கோல்கீப்பர் தானும் மேலே ஏறிவந்து ஆடுகிற பாணி உள்ளவர். அவர் விட்டுவந்த காலி வலையைக் குறிவைத்துத் தூரத்திலிருந்தே அடித்தார்கள். தாத்தா அந்த ஆட்டத்தை எனக்கு உப்பு டப்பா, மிளகு டப்பா வைத்து மேசையில் நடத்திக் காட்டினார். இப்படி யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால்தான் ஆட்டம் பிடிபடும். ஒரு நாளும் ஃபோனில் விதி படித்து எனக்கு ஏறவில்லை.

மே மாத முதல் இரண்டு வாரம் ஆர்மாவில் ஆப்பிள் பூக்கிற காலம். பழத்தோட்டக் கவுண்டி என்றுதான் இந்த ஊருக்குப் பட்டப்பெயரே. தோட்டங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, வேலிகளிலும் கடைகளிலும் டிராக்டர்களிலும் ஆரஞ்சுக் கொடி. 2008க்குப் பிறகு ஆர்மா அல்ஸ்டர் கோப்பையை வாங்கவில்லை. பயிற்சியாளர் கீரன் மெகீனி, 2002இல் ஆர்மா அகில அயர்லாந்துக் கோப்பையை முதல்முறை வாங்கியபோது கேப்டனாக இருந்தவர், பயிற்சியாளராகப் பத்தாவது சீசன், அல்ஸ்டர் ஒன்றுகூட இல்லை. போதாததற்குப் பெனால்டி. 2022 அகில அயர்லாந்துக் காலிறுதியில் கால்வேயிடம் பெனால்டியில் தோல்வி. 2023 அல்ஸ்டர் இறுதியில் டெரியிடம், அதே க்ளோனிஸில், பெனால்டியில். அதே வருஷம் அகில அயர்லாந்துக் காலிறுதியில் மொனஹனிடம் பெனால்டியில், 9-8 என்று. எங்கள் வார்டில் ஒரு நோயாளி அந்த வாரம் முழுக்க, 'பெனால்டி மட்டும் வேண்டாம் ஆண்டவரே' என்று சொல்லிக்கொண்டே மாத்திரை விழுங்கினார்.

விசா வரவில்லை. தாத்தா க்ளோனிஸ் போனார், தன் மகன்களோடு. நாங்கள் கிளப் கூடத்துக்குப் போனோம்.

எழுபது நிமிடம் முடிந்தும் சமம். கூடுதல் நேரம் பத்துப் பத்து நிமிடம், அதுவும் முடிந்து 0-20, 0-20. இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட இல்லை, நாற்பது தடவை பந்து கம்பிக்கு மேலே போயிருக்கிறது. பெனால்டி என்று அறிவித்ததும் கூடத்தில் ஒரு பெருமூச்சு, எல்லோரிடமிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. ஒரு அம்மா எழுந்து வெளியே போய்விட்டார், பார்க்கத் தெம்பில்லை என்று. முதலில் சொன்னேனே, அப்படித்தான் முடிந்தது, 6-5.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் மறக்கவே மாட்டேன். யாரும் கத்தவில்லை, உதைத்தவரை யாரும் திட்டவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். அப்புறம் ஒருவர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார், இன்னொருவர் டீ கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தார், நானும் போய்த் துடைத்தேன். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே மைதானத்துக்குப் போய்விட்டார்கள், இருட்டுகிறவரைக்கும் பெனால்டி ஆடினார்கள். என் மகன் கோல்கீப்பராக நின்றான். ஆர்மா கீப்பரா, டொனகால் கீப்பரா என்று கேட்டேன். 'ஆர்மாதான்மா, நான் தடுத்துட்டேன்' என்றான்.

கிளப்பில் பிள்ளையைச் சேர்ப்பது பற்றி. வருஷச் சந்தா கட்டி உறுப்பினராக்கினால் காப்பீடும் அதோடு வந்துவிடுகிறது, அது இல்லாமல் பயிற்சியில் இறக்கமாட்டார்கள். பல் காப்பு கட்டாயம், அது இல்லாமல் ஆட விடமாட்டார்கள். கடையில் வாங்குவதை வெந்நீரில் முக்கி, கொஞ்சம் ஆறவைத்து, வாயில் கடித்துப் பதிக்கவேண்டும். பால் பல் விழுந்து முளைக்கிற வயசு என்றால் ஒன்றே ரொம்ப நாள் பொருந்தாது, இரண்டாக வாங்கி வையுங்கள். பூட்ஸ் புதிதாக வாங்கத் தேவையே இல்லை, ஒவ்வொரு கிளப்பிலும் வளர்ந்த பிள்ளைகளின் பழையது கிடைக்கும், கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஜெர்சி ஓ'நீல்ஸ் கம்பெனியுடையது, எங்கே பார்த்தாலும் அதுதான்.

சின்னப் பிள்ளைகள் பிரிவில் எல்லோருக்கும் முழு ஆட்டமும் ஆடக் கிடைக்கும். யாரையும் பெஞ்சில் உட்காரவைப்பதில்லை, கோப்பைப் போட்டியும் கிடையாது. பந்தே படாமல் ஓடிக்கொண்டிருந்த என் பையனுக்கு அது பெரிய வரம். கணவர் முதலில் யோசித்தார், அடிபடுமே, படிப்பு கெடுமே என்று. இப்போது சனிக்கிழமை காலையில் கூம்புகளை அடுக்கிவைப்பது அவர்தான். அதற்கும் முறைப்படி காவல்துறைச் சரிபார்ப்பும் குழந்தைப் பாதுகாப்பு வகுப்பும் முடிக்கவேண்டும், இலவசமாக உதவி செய்கிறோம் என்பதால் விட்டுவிட மாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

கொஞ்சம் கூச்சமான விஷயம் ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வடக்கு அயர்லாந்தில் இந்த ஆட்டம் எல்லோருடைய ஆட்டமும் இல்லை. கத்தோலிக்க, ஐரிஷ் தேசிய மரபில் வந்தவர்கள் இதைத் தங்களுடையதாக நினைப்பார்கள், புராட்டஸ்டன்ட், பிரிட்டிஷ் மரபில் வந்தவர்களில் பலர் விலகியே இருப்பார்கள். ஆட்டத்துக்கு முன் ஐரிஷ் தேசிய கீதம் பாடுவார்கள், எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினால் போதும். வேலை செய்கிற இடத்துக்கு ஜெர்சி போட்டுப் போகாதீர்கள். யாரைப் பார்த்தும் 'நேற்று மேட்ச் பார்த்தீங்களா' என்று முதலில் நாமாகக் கேட்கவேண்டாம், அவர்கள் பேச்செடுத்தால் பேசலாம். நாம் விருந்தாளியாக வந்து இரண்டு பக்கத்தையும் கவனித்துக்கொள்கிற வேலையில் இருக்கிறோம். இதைச் சொல்வதால் பயப்படவும் வேண்டாம், எனக்கு ஒரு தடவைகூட யாரும் முகம் சுளித்ததில்லை.

ஜூனில் விசா வந்தது. மூன்று பேருக்கும், ஒருமுறை நுழைவு.

மாகாணத்தில் தோற்றாலும் சீசன் முடிந்துவிடாது, அது எனக்கு அப்போது தெரியாது. அடுத்து அகில அயர்லாந்துப் போட்டி, அந்த வருஷ முறைப்படி 16 அணிகள், நான்கு நான்காக நான்கு குழு. ஆர்மா குழுவில் முதலாவதாக வந்து, காலிறுதியில் ராஸ்காமனை 2-12க்கு 0-12 என்று ஜெயித்தது. அரையிறுதி ஜூலை 13, டப்ளின் குரோக் பார்க்கில், கெரியோடு. இப்போது ஒரு கணக்கு போடவேண்டி வந்தது. விசா ஒருமுறைதான். அரையிறுதிக்குப் போனால் இறுதிக்குப் போகமுடியாது. இறுதிக்கு என்று வைத்திருந்தால், ஆர்மா அங்கே போகுமா என்று தெரியாது. போனாலும் டிக்கெட் கடையில் கிடைக்காது, கவுண்டிகள், கிளப்புகள் வழியாகத்தான் பங்கு பிரியும். எங்களுக்கு முன்னால் நாற்பது வருஷமாகச் சந்தா கட்டியவர்கள் இருக்கிறார்கள். அரையிறுதி டிக்கெட் எல்லோருக்கும் விற்பனைக்கு வந்தது. போனோம்.

முந்தைய நாள் வெள்ளிக்கிழமை ஜூலை 12, புராட்டஸ்டன்ட்காரர்களின் ஆரஞ்சு ஊர்வல நாள், ஊரில் ஒரு பக்கம் மேளமும் பட்டையும். மறுநாள் நெடுஞ்சாலை முழுக்க இன்னொரு ஆரஞ்சு, கார் ஜன்னல்களில் பறந்துகொண்டு தெற்கே. குரோக் பார்க்கில் 82,000 பேருக்கு மேல் இடம் உண்டு. மகன் உள்ளே நுழைந்து புல்லைப் பார்த்ததும் என் கையை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டான். கெரியோடு ஆட்டம் மறுபடி கூடுதல் நேரத்துக்குப் போக, எனக்கு வயிறு கலங்கியது, இதுவும் பெனால்டிதானா என்று. இல்லை. 1-18க்கு 1-16. திரும்பி வருகிற வழியில் எல்லையைத் தாண்டியபோது எங்கள் விசா தீர்ந்துபோனது, அதைப் பற்றி ஒருவருக்கும் வருத்தமில்லை.

ஜூலை 28 இறுதி ஆட்டத்தை மறுபடி அதே கிளப் கூடத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தோம். ஏரன் மெக்கே போட்ட ஒரே கோல், கால்வேக்கு எதிராக 1-11க்கு 0-13, ஒரு புள்ளி. 22 வருஷத்துக்குப் பின் சாம் மாக்வயர் கோப்பை, அதாவது அகில அயர்லாந்துக் கோப்பை. கேப்டன் எய்டன் ஃபோர்கரிடம் கோப்பையைக் கொடுத்தவர் சங்கத் தலைவர் ஜார்லத் பர்ன்ஸ், அவரும் ஆர்மாக்காரர், அவர் மகன் அதே அணியில் ஆடியவர். மே மாதம் எழுந்து வெளியே போன அந்த அம்மா இந்தத் தடவை கடைசிவரை இருந்து, என் தோளைப் பிடித்து அழுதார். நானும் அழுதேன்.

தாத்தா அன்றைக்கு ராத்திரி டப்ளினிலிருந்து திரும்பி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, 'ஆனாலும் அல்ஸ்டர் இன்னும் வரவில்லை' என்றார். எனக்கு அது அப்போது ஆச்சரியமாக இருந்தது. நாட்டுக்கே சாம்பியன் ஆகிவிட்டார்களே, இன்னும் என்ன என்று. அவருக்கு அல்ஸ்டர் வேறு. பக்கத்துக் கவுண்டிகளை, மாமன் மச்சான் வீட்டுக்காரர்களை, சந்தையில் பார்க்கிறவர்களை ஜெயிப்பது அது.

அதனால் அந்த வருஷக் கடைசியிலேயே உட்கார்ந்தேன். அடுத்த வருஷ மாகாணப் போட்டியில் யார் யாரோடு ஆடுவார்கள் என்பதை முந்தைய வருஷக் கடைசியிலேயே குலுக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது வந்ததும் காலண்டரில் குறியுங்கள், வார்டில் லீவு கேளுங்கள், தாமதிக்காமல் விசா போடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். முதல் தடவை ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பியதைக் காட்டி, பலமுறை நுழைவு கேட்டேன், கிடைத்தது.

2025 மே 10, சனிக்கிழமை, அல்ஸ்டர் இறுதி. மறுபடி ஆர்மா, மறுபடி டொனகால், மறுபடி க்ளோனிஸ். இந்தத் தடவை நாங்கள் தாத்தா காரிலேயே போனோம். காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு மேட்டில் ஏறி நடக்கவேண்டும், மைதானம் உச்சியில் இருக்கிறது, ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஃபெர்மானா ஸ்ட்ரீட்டில் இரண்டு நிறமும் கலந்து, சிப்ஸ் மணத்தோடு, நகரவே இடமில்லாத கூட்டம். புது விதி வந்திருந்தது, 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி. ஆர்மா 28 புள்ளி அடித்தது. டொனகால் 2-23. கூட்டிப் பாருங்கள், 29. கூடுதல் நேரமும் முடிந்து ஒரே ஒரு புள்ளி. தொடர்ந்து மூன்றாவது வருஷம் அல்ஸ்டர் இறுதியில் தோல்வி.

மேட்டில் இருந்து இறங்கும்போது யாரும் அவசரப்படவில்லை, அவசரப்பட வழியுமில்லை. பச்சையும் மஞ்சளும் போட்ட ஒரு டொனகால்காரர் என் மகன் தலையைத் தடவி ஏதோ சொன்னார். தாத்தா மெதுவாகத்தான் நடப்பார், இவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கார் எங்கே நிறுத்தினோம் என்று மூன்று பேருக்கும் மறந்துபோய்த் தேடிக்கொண்டிருந்தபோது, அடுத்த வருஷம் குலுக்கல் எந்தத் தேதி என்று அவரிடம் இவன் கேட்டுக்கொண்டிருந்தான்.